முத்துக்குளித்துறையின் வாசிப்பு நாள்காட்டி



பத்தாண்டு நிறைவு காணும் ஓர் இலக்கிய வட்டத்தில் மிகுதியாக விவாதிக்கப்பெற்ற பொருள் யாது என வினவினால், கம்பனும் வள்ளுவனும் இரண்டாம் இடத்திலேயே நிற்பர். 'அடுத்த திங்களுக்கு எந்த நூல்?' என்னும் வினாவே முதலிடம் பெறும். ஒருவர் நாவல் வேண்டும் என்பார். ஒருவர் சங்கப் பாடல் என்பார். மற்றொருவர் தாம் அண்மையிற் படித்து மகிழ்ந்த நூலொன்றைப் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்து, 'இதைப் படித்துவிட்டுப் பேசுங்கள்' என்பார். ஒருவழியாகப் பன்னிரு திங்களுக்கும் பட்டியல் ஒன்று உருவாகும். ஆடி வரையில் அது செவ்வனே நடைபெறும். அதன்பின் தேர்வுத்தாள் திருத்தும் ஆசிரியருக்கும், கப்பல் வந்துவிட்ட துறைமுக ஊழியருக்கும் நேரம் இல்லாது போகும். கார்த்திகையில், ஐப்பசி நூலையே இன்னும் படித்து முடிக்காதவர்கள் கூடிப் புரட்டாசி நூலைப்பற்றிப் பேசிக்கொண்டிருப்பர். எல்லா வட்டங்களிலும் காணக்கூடிய காட்சியே இது. இதில் நாணத்தக்கது ஒன்றும் இல்லை.

ஆயினும் பட்டியல் ஏன் தளர்கிறது என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. நூல் நன்றாக இல்லாமையால் தளர்வதில்லை. நாளைக் கருதாது நூலை மட்டும் கருதி வகுக்கப்பெறுவதனாலேயே அது தளர்கிறது. இக்கருத்துக்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. தூத்துக்குடியை நடுவாகக் கொண்ட முத்துக்குளித்துறைக் கடற்கரையே போதும். கூடியிருந்து படித்தல், படித்ததைப் பிறர்க்குப் பரிந்துரைத்தல், ஆண்டு முழுமைக்கும் வாசிப்பை வகுத்துக்கொள்ளல் ஆகிய மூன்றும் இக்கரைக்குப் பழையன.

திங்களோடு இணைந்த வாசிப்பு என்றதும் எவர்க்கும் முதலில் நினைவுக்கு வருவது மார்கழி. முப்பது பாடல், முப்பது நாள், நாளுக்கொரு பாடல் என்னும் திருப்பாவை முறையைக் காட்டிலும் எளிய வாசிப்புத் திட்டத்தை எவரும் வகுத்துவிட முடியாது. தாமிரவருணிக் கரையின் திருப்பதிகளில் விடியற்காலையில் அது ஒலிக்கும்போது, எழுத்தறியாத பாட்டியும் இன்று எத்தனையாவது பாடல் என்பதை அறிந்திருப்பாள். அதே ஆற்றின் கழிமுகத்துக்குத் தெற்கே காயல்பட்டினத்தில், இரசபு மாதம் முழுவதும் 'புகாரி ஷரீப்' என்னும் நபிமொழித் தொகுப்பை முப்பது நாள் கூடியிருந்து ஓதி, விளக்கம் கேட்டு நிறைவுசெய்யும் வழக்கம் தொடர்ந்து இருந்து வருகிறது. வெளியூரிலும் வெளிநாட்டிலும் வணிகம் செய்வோர் அந்நாள்களில் ஊர் திரும்புவர். ஒரு மாதம், ஒரு நூல், ஓர் ஊர்! மன்னார் வளைகுடாவுக்கு அப்பால், ஈழத்துக் கத்தோலிக்க ஊர்களில், யாக்கோமே கொன்சால்வெசு அடிகளார் பதினெட்டாம் நூற்றாண்டில் இயற்றிய 'வியாகுலப் பிரசங்கம்' தவக்காலத்துக்கென்றே உரிய வாசிப்பாக நிலைபெற்றது. சமயம் வேறு, நூல் வேறு. ஆயினும் முறை ஒன்றே. நூல் நாளைத் தேடிச் சென்று அமர்ந்திருக்கிறது.

இனி, கடற்கரையின் நடுப்பகுதிக்கு வரலாம். முத்துக்குளிப்பின்மீது தமக்கிருந்த உரிமையைக் காத்துக்கொள்ளும் பொருட்டுப் போர்த்துகீசியரின் துணையை நாடிய பரதவர், 1530-களின் நடுவில் கத்தோலிக்கம் தழுவினர் என்பது வரலாறு. 1542-ஆம் ஆண்டின் இறுதியில் பிரான்சிசு சவேரியார் இங்கு வந்தபோது அவர்க்குத் தமிழ் தெரியாது. இருமொழியும் ஓரளவு அறிந்தாரைக் கூட்டி வைத்து, மன்றாட்டுகளைத் தமிழாக்கித் தாமே மனப்பாடம் செய்தார். கையில் மணியுடன் தெருத்தெருவாகச் சென்று சிறுவரையும் பெரியோரையும் அழைத்தார். 1544 சனவரியில் கொச்சியிலிருந்து அவர் எழுதிய மடலில் இவை விரிவாக உள்ளன. அம்மடலில் இலக்கிய வட்டத்தார் உற்றுநோக்க வேண்டிய செய்தி வேறொன்று. ஓர் ஊரை விட்டு நீங்குமுன் அவ்வூரில் மன்றாட்டுகளின் கையெழுத்துப்படி ஒன்றை வைத்துச் சென்றார். எழுதத் தெரிந்தவர் அதனைப் படியெடுத்துக்கொள்ள வேண்டும், மனப்பாடம் செய்ய வேண்டும், நாள்தோறும் சொல்ல வேண்டும், ஞாயிறுதோறும் எல்லாரும் கூடிச் சொல்ல வேண்டும் என ஏற்பாடு செய்தார்.

ஊருக்கு ஒரு படி, படியெடுக்க ஒருவர், கூட ஒரு நாள். அந்த நாளும் கடலைக் கேட்டே வகுத்த நாளாகும். ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகாத வழக்கம் இக்கரையின் கத்தோலிக்க ஊர்களில் இன்றும் உண்டு. சமயக் கட்டளையாகத் தொடங்கிய அது, ஆறு நாள் உடலுழைப்புக்குப் பின் ஒரு கூட்டம் அமர்ந்து சொல்லைக் கேட்பதற்கான ஒரே இடைவெளியாகவும் அமைந்தது.

இதனைப் பாராட்டும்போதே ஓர் உண்மையையும் மறைத்தல் ஆகாது. இப்பட்டியலை வகுத்தவர் ஒருபுறம் இருந்தார். கேட்டவர் மறுபுறம் இருந்தனர். 'இந்நூல் வேண்டா, வேறொன்று தருக' எனக் கேட்கும் உரிமை பரதவர்க்கு இருந்ததில்லை. அவ்வகையில் இதனை இன்றைய வாசகர் வட்டத்தோடு ஒப்பிடுதல் பொருந்தாது எனச் சிலர் கூறலாம். அது பெரும்பாலும் சரியே. ஆயினும் அடுத்த தலைமுறையில் நடந்த ஒன்று இவ்வுறவைச் சற்றே மாற்றியது. தமிழ் நூல்களை அச்சிடும் முயற்சி எழுந்தபோது, அதற்கென நானூறு குருசாதோ என்னும் போர்த்துகீசியப் பணத்தைத் திரட்டித் தந்தவர்கள் இக்கரைப் பரதவர்களே. மூச்சடக்கிக் கடலடியில் சிப்பி அள்ளியவர்களின் உழைப்பு, தமிழ் அச்சுக்கு முதலாயிற்று. கேட்போராக மட்டும் இருந்தவர்கள் நூலின் புரவலராயினர். தமிழ்ப் பதிப்பு வரலாற்றைப் பேசுவோர் அச்சடித்தவரின் பெயரை நினைவில் வைத்த அளவுக்கு, அச்சுக்குப் பணம் தந்தவரை வைத்ததில்லை.

அம்முயற்சியின் நாயகர் ஹென்ரிக் ஹென்ரிக்கசு என்னும் அண்டிரிக் அடிகளார். போர்த்துகலில் 1520-இல் பிறந்து, அரை நூற்றாண்டுக் காலம் இக்கரையிலேயே வாழ்ந்து, 1600-இல் புன்னைக்காயலில் மறைந்தவர். அவருடைய 'தம்பிரான் வணக்கம்' கொல்லத்தில் 1578 அக்டோபர் 20-ஆம் நாள் அச்சாயிற்று. இந்திய எழுத்தில் அச்சேறி இன்று கிடைப்பனவற்றுள் முதன்மையான அந்நூல் பதினாறே பக்கங்கள் உடையது. (தூத்துக்குடி தனி மாவட்டமாக உருப்பெற்றதும் 1986-இல் இதே அக்டோபர் 20-ஆம் நாள்தான். இயைபு ஏதும் இல்லை. எனினும் நூற்பற்று உடையோர் அந்நாளை இருமடங்கு கொண்டாடலாம்.) 1579-இல் கொச்சியில் 'கிரிசித்தியானி வணக்கம்' வெளிவந்தது. பின்னர் 1586-இல் 669 பக்கங்களில் 'அடியார் வரலாறு' வந்தது. இந்நூல் புன்னைக்காயலில் அச்சிடப்பெற்றது என்பதே பெரும்பாலோர் கொள்கை.

பதினாறு பக்கத்திலிருந்து எட்டே ஆண்டில் 669 பக்கம்! இது எவ்வாறு இயலும் எனக் கேட்கத் தோன்றும். விடை நூலின் அமைப்பிலேயே உள்ளது. 'அடியார் வரலாறு' முதற்பக்கம் தொடங்கி இறுதிவரை ஒரே மூச்சில் படிப்பதற்கென அமைந்ததன்று. ஆண்டின் திருநாள்களை ஒட்டி, அவ்வத் திருநாளுக்குரிய தூயர் வரலாறு கூறும் நூல் அது. திருநாள் வரும், அதற்குரிய பகுதி வாசிக்கப்பெறும், அடுத்த திருநாள் வரை நூல் காத்திருக்கும். எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் வரிவடிவில் வேறுபடுத்திக் காட்டப்பெறாத காலத்து அச்சு அது. பழகிய கண்ணுக்கே படிக்க வரும். எனவே பெரும்பாலோர்க்கு அது கண்ணால் படிக்கும் நூலாக இராது, காதால் கேட்கும் நூலாகவே இருந்திருக்கும். ஒரே மூச்சில் கேட்கச் சொன்னால் எவரும் தாங்கமாட்டார். ஓராண்டு முழுவதும் பகிர்ந்து கேட்டால் அது ஒருவர்க்கும் சுமையன்று. பெருநூலை மக்களிடம் கொண்டுசெல்லும் வழி அதனைச் சுருக்குவதன்று, அதன் நாள்களைக் கண்டறிவதே என்பதை அண்டிரிக் அடிகளார் உணர்ந்திருந்தார் எனல் மிகையாகாது.

இவ்வாறு கடலோர மக்களின் பணத்தால், கடலோர வழக்குத் தமிழில், கடலோர நாள்காட்டிக்கென உருவான நூல்கள் என்னவாயின? 1658-இல் தூத்துக்குடியை ஒல்லாந்தர் கைப்பற்றினர். கோயில்கள் கைமாறின, கத்தோலிக்கக் குருமார் வெளியேற்றப்பெற்றனர். உப்புக்காற்றும் கரையானும் தம் பங்கைச் செய்தன. அனைத்துக்கும் மேலாக, பலர் கைபட்டுப் படிக்கப்பெறும் நூல் தேய்ந்தே தீரும். படிக்கப்பெற்ற படிகள் அழிந்தன; படிப்பார் இன்றி ஐரோப்பிய நூலகங்களிற் கிடந்த படிகள் பிழைத்தன. 'தம்பிரான் வணக்கம்' இன்று அமெரிக்காவின் ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. 'அடியார் வரலாறு' வத்திக்கான் நூலகத்தில் இருக்கிறது. அச்சுக்குப் பணம் தந்த கரையிலோ அவற்றின் பெயர்கூட மறந்துபோயிற்று.

அம்மறதியை நீக்கியவர் தனிநாயக அடிகளார். 1913-இல் யாழ்ப்பாணத்து ஊர்காவற்றுறைப் பகுதியில் பிறந்து, உரோமையில் பயின்று குருவானவர். 1940-இல் தூத்துக்குடி மறைமாவட்டத்தைச் சேர்ந்த வடக்கன்குளத்துப் பள்ளிக்கு வந்தபோதுதான், தமக்குத் தாய்மொழி இலக்கியம் முறையாகத் தெரியாது என்பதை உணர்ந்து ஒரு பண்டிதரிடம் பாடம் கேட்கத் தொடங்கினார். பல ஐரோப்பிய மொழிகள் அறிந்த ஒருவர், முப்பது வயதை நெருங்கும்போது மாணவராய் அமர்ந்து தமிழ் கற்றார். அவர் நிறுவிய தமிழ் இலக்கியக் கழகம் தூத்துக்குடியில் இயங்கியது. 1954-இல் வத்திக்கான் நூலகத்தில் அண்டிரிக் அடிகளாரின் பெருநூலைக் கண்டு உலகுக்கு அறிவித்தவரும் அவரே. பின்னர் இயேசு சபை அறிஞர் ச. இராசமாணிக்கம் அடிகளாரின் பதிப்பாகத் 'தம்பிரான் வணக்கம்' 1963-இலும், 'அடியார் வரலாறு' 1967-இலும் தூத்துக்குடித் தமிழ் இலக்கியக் கழகத்தின் வழியாக வெளிவந்தன. 1586-இல் இக்கரையை விட்டு விலகிய நூல், 381 ஆண்டுகள் கழித்து இக்கரைக்கே அச்சில் மீண்டது. உலகத் தமிழ் மாநாடுகளுக்கு வித்திட்ட தனிநாயக அடிகளாரின் பெரும்பணிகளுக்கு நடுவே இச்செய்தி சிறிதாகத் தோன்றலாம். ஓர் இலக்கிய வட்டம் செய்யக்கூடிய பணி எது என்பதற்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு இம்மாவட்டத்தில் இல்லை.

பரிந்துரை என்பது எத்தனை வடிவம் எடுக்கும் என்பதற்கு வ.உ.சிதம்பரனாரும் சான்றாவார். சிறையில் செக்கிழுத்தவர் என்பதே பலர்க்கும் தெரிந்த செய்தி. ஆங்கில எழுத்தாளர் சேம்சு ஆலனின் நூல்களைப் படித்துத் தமக்குப் பயன்பட்டதை உணர்ந்த அவர், 'மனம்போல வாழ்வு', 'அகமே புறம்' எனத் தமிழாக்கினார். 'நல்ல நூல், படியுங்கள்' என்று சொல்வது எளிது. படிக்க இயலாத மொழியில் இருக்கும் நூலைப் படிக்க இயலும் மொழிக்குக் கொண்டுவந்து கையில் கொடுப்பது எளிதன்று.

பட்டியலுக்கு நேர்மாறான நெறி ஒன்றும் அண்மையிலேயே இருந்தது. திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் இரசிகமணி டி.கே.சிதம்பரநாத முதலியாரின் இல்லத்து வட்டவடிவ முற்றத்தில் ஞாயிறுதோறும் கூடிய 'வட்டத்தொட்டி'யே அது. அங்கு நூற்பட்டியல் இல்லை. ஆண்டுத் திட்டம் இல்லை. கம்பனின் ஒரு பாடலை எடுத்துக்கொண்டால் அன்றைய மாலை அதற்கே உரியதாகும். இரசிகமணி பாடிக் காட்டுவார், நிறுத்துவார், மீண்டும் பாடுவார். 'இது கம்பன் வாக்கன்று' எனத் தம் சுவையையே அளவுகோலாகக் கொண்டு பாடல்களை ஒதுக்கிய அவர் துணிவைப் புலவர் பலர் ஏற்கவில்லை, ஏற்கவும் இயலாது. ஆயினும் திங்களுக்கு ஒரு நூல் என விரைந்தோடும் வட்டங்களுக்கு வட்டத்தொட்டி ஒரு நல்ல தடை. பன்னிரு நூலைப் படித்தோம் என்னும் கணக்கைக் காட்டிலும், ஒரு பாடலை உள்ளவாறு கேட்டோம் என்னும் நிறைவு சிலபோது பெரிது.

இருவரே போதும் என்பதற்குக் கோவில்பட்டியை அடுத்த இடைசெவல் சான்று. கி.ராஜநாராயணனும் கு.அழகிரிசாமியும் ஒரே ஊரில் வளர்ந்தவர்கள். அழகிரிசாமி சென்னைக்கும் பின்னர் மலேயாவுக்கும் சென்றபின் மடல்களே அவ்வட்டத்தின் கூட்டங்களாயின. அம்மடல்கள் நூலாகவும் வந்துள்ளன. ஒருவர் படித்ததையும் கேட்டதையும் மற்றவர்க்குச் சொல்லாமல் இருக்க முடியாத தவிப்பு அவற்றில் தெரியும். தலைவர், செயலாளர், பொருளாளர் எவரும் இன்றி நடைபெற்ற வட்டம் அது.

இன்றைய நிலை வேறு. பட்டியலுக்குப் பஞ்சம் இல்லை. 'இறப்பதற்கு முன் படிக்க வேண்டிய நூறு நூல்கள்' என ஆளுக்கொரு பட்டியல் கைப்பேசியில் வந்து விழுகிறது. அவற்றை வகுத்தோர்க்குப் படிப்பவர் யார் என்பதும் தெரியாது, அவர்க்கு எந்நாளில் ஓய்வு என்பதும் தெரியாது. இவ்வூர்ப் பட்டியலை இவ்வூரார்தாம் வகுக்க வேண்டும். அவ்வாறு வகுக்கும்போது, தேர்வு விடுமுறையை மட்டும் நாள்காட்டியாகக் கொள்ளும் கல்லூரி வழக்கத்தையும் சற்றே ஒதுக்கி வைக்க வேண்டும். கல்வியாளர் மிகுந்த வட்டங்களில் இக்குறை தெரிவதே இல்லை. கூட்டத்துக்கு வராதவர், தாம் ஏன் வரவில்லை எனச் சொல்ல வருவதில்லை அல்லவா?

தூத்துக்குடிக்கு இரண்டு பெரிய நாள்காட்டிகள் உண்டு. ஒன்று மீன், மற்றொன்று உப்பு. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குச் செல்லத் தடை. முன்னர் 45 நாளாக இருந்த இத்தடை 2017 முதல் 61 நாளாயிற்று. ஏறத்தாழச் சித்திரையும் வைகாசியும் முழுமையாகப் படகுகள் கரையில் நிற்கும், எந்திரம் பழுதுபார்க்கப்பெறும், வலைகள் சீராக்கப்பெறும். வருவாய் குன்றிய அந்நாள்கள் துன்ப நாள்கள் என்பதை மறத்தல் ஆகாது. ஆயினும் மாலைப்பொழுது கையில் இருக்கும் நாள்களும் அவையே. உப்பளத்துக்கோ கணக்கு வேறு. கோடை முழுவதும் அங்கு ஓய்வில்லை. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பாத்திகளில் நிறையும்போதுதான் வேலை நிற்கும். கூலியும் நிற்கும்.

இவ்விரு நாள்காட்டிகளுக்கும் நூல்கள் இல்லாமல் இல்லை. உப்பளத் தொழிலாளரிடையே நேரிற் பழகி இராஜம் கிருஷ்ணன் எழுதிய 'கரிப்பு மணிகள்' தூத்துக்குடி உப்பள வாழ்வையே பொருளாகக் கொண்டது. அளத்தில் உழைக்கும் பெண்களின் துயர் அதில் அழுத்தமாகப் பதிவாகியுள்ளது. மழைக்காலத்தில் வாசிக்க வேண்டிய நூல் அது. வாசிக்க வேண்டிய இடமும் நகரமன்றம் அன்று. இதே கடற்கரை மீனவரைப்பற்றி அவரே எழுதிய 'அலைவாய்க் கரையில்' உண்டு. வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' சிறிய நாவல். மணப்பாட்டைக் களமாகக் கொண்டது. இரண்டு மாலைகளில் உரக்கப் படித்து முடித்துவிடலாம். உவரியில் பிறந்த ஜோ டி குருஸ் 2004-இல் 'ஆழி சூழ் உலகு' எழுதியபோது, கடலோரத்தார் தம் மொழியிலேயே தம்மைப்பற்றிப் பேசத் தொடங்கினர். 2009-இல் அவருடைய 'கொற்கை' வந்தது. 2013-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அக்காதெமிப் பரிசும் பெற்றது. தூத்துக்குடியின் நூறாண்டு வாழ்வைப் பரப்பிக் காட்டும் அந்நாவல் ஆயிரம் பக்கங்களுக்கு மேற்பட்டது.

'ஆயிரம் பக்கத்தை எவர் படிப்பார்?' என்னும் கேள்வி பட்டியல் வகுக்கும் கூட்டங்களில் எழுவதுண்டு. 669 பக்கத்தை இக்கரை ஓராண்டாகப் பகிர்ந்து கேட்ட வரலாறு அதற்கு மறுமொழியாகும். 'கொற்கை'யை ஒரு திங்களுக்குரிய நூலாக வைத்தால் தோற்பது உறுதி. தடைக்காலத்தின் 61 நாளுக்கும் அதைப் பரப்பி, நாளுக்குப் பதினெட்டோ இருபதோ பக்கமாக, வலை சீராக்கும் கொட்டகையில் ஒருவர் படிக்க மற்றவர் கைவேலையோடு கேட்டால் நூல் முடிந்துவிடும். அந்நாவலின் வழக்குச் சொற்களுக்குப் பேராசிரியர் எவரும் அங்கு உரை சொல்ல வேண்டியிராது, கேட்பவர்களே சொல்வார்கள். படிப்பவர் தவறாக உச்சரித்தால் திருத்தவும் செய்வார்கள்.

வரும் ஆண்டுக்கான பட்டியல் தைத் திங்களில் வகுக்கப்பெறவுள்ளது. அதில் சித்திரை, வைகாசி என்னும் இரண்டு கட்டங்களையும் சேர்த்து ஒரே நூலுக்கு ஒதுக்குமாறும், ஐப்பசிக் கூட்டத்தை உப்பளத்தை அடுத்த குடியிருப்பு ஒன்றில் பகற்பொழுதில் வைத்துக்கொள்ளுமாறும் இவ்வட்டத்தின் முன் வேண்டுகோள் வைக்கப்பெறுகிறது. 'அடியார் வரலாற்றின்' 1967-ஆம் ஆண்டுப் பதிப்பில் ஒரு படி எவர் வீட்டுப் பரணிலேனும் இருக்குமாயின், அதனையும் அக்கூட்டத்துக்குக் கொண்டுவந்தால் நலம்.